பொழுதுபோக்கு நம்மைப் பிடித்துக்கொண்டால்: ஒரு கத்தோலிக்கச் சதுரங்கப் பைத்தியத்தின் வழிகாட்டி

11ஆம் நூற்றாண்டில் நடந்தது இது. இத்தாலியில் இரண்டு ஆயர்கள் (பிஷப்புகள்) சேர்ந்து பயணம் போகிறார்கள். ராத்திரி தங்கிய இடத்தில் ஒருவர் தனியாக ஒதுங்கிக்கொள்கிறார். இன்னொருவர் ஃபிளாரன்ஸ் நகரத்து ஆயர். அவர் மற்ற பயணிகளோடு கலகலப்பாக உட்கார்ந்து சதுரங்கம் ஆடுகிறார். ஒதுங்கிக்கொண்டவர் புனித பீட்டர் தமியான், கண்டிப்புக்குப் பேர்போனவர். விஷயம் காதுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டார். திருச்சபைச் சட்டம் தடுப்பது பகடையைத்தான், சதுரங்கம் வேறு என்று ஃபிளாரன்ஸ் ஆயர் வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. திருப்பாடல்கள் 150ஐயும் மூன்று முறை சொல்ல வேண்டும், 12 ஏழைகளின் காலைக் கழுவி அவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. திருத்தந்தைக்கு (போப்புக்கு) எழுதிய கடிதத்தில் தமியானே இதைச் சொல்லியிருக்கிறார்.

நான் இதை முதன்முதலில் படித்தபோது மணி இரவு 1.40. வரிசையாக நாலு ஆட்டம் தோற்ற எரிச்சலில் சதுரங்கத்தைப் பற்றி எதையோ தேடியபோது கண்ணில் பட்டது. சிரித்தேன். அப்புறம் ஐந்தாவது ஆட்டத்தைத் தொடங்கிவிட்டேன்.

2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது நினைவிருக்கும். நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள், வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' ஊரெங்கும் கைகூப்பி நின்றது. பள்ளிக்கூடத்தோடு விட்ட ஆட்டத்தை நானும் அப்போதுதான் தூசி தட்டினேன். கைப்பேசியில் ஆளுக்கு மூன்று நிமிட ஆட்டம். ஒன்றரை வருடத்தில் நிலைமை எப்படி ஆனது என்றால், என் மகள் மதிப்பெண் அட்டையில் கையெழுத்து வாங்க வரும்போது கதவருகில் நின்றபடி முதலில் இதைக் கேட்பாள்: "ஜெயிச்சீங்களாப்பா, தோத்தீங்களா?" தோற்றிருந்தால் நாளைக்கு வருவாள்.

நான் குருவானவரும் இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. விழுந்து எழுந்த ஒருவன். வழியில் எனக்கு உதவியவற்றைப் படிப்படியாகச் சொல்கிறேன். உங்களுக்குச் சதுரங்கத்துக்குப் பதில் ஜிம், கிரிக்கெட், புறா, மீன்தொட்டி, பைக், மாடித்தோட்டம் என்று எதுவாகவும் இருக்கலாம். பெயரை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: விளையாட்டைப் பழிக்காதீர்கள்

குற்ற உணர்ச்சி வந்தவுடன் பக்தியுள்ள ஆட்கள் செய்யும் முதல் தவறு, பொழுதுபோக்கே பாவம் என்று முடிவுகட்டுவது. திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் தமியானைவிடப் புனித தாமஸ் அக்குவினாஸ் நல்ல துணை. உடம்புக்கு ஓய்வு தேவைப்படுவதுபோல மனதுக்கும் தேவை, மனதின் ஓய்வுக்குப் பெயர் இன்பம் என்கிறார் அவர். அளவோடு விளையாடத் தெரிவதை ஒரு நற்பண்பாகவே எண்ணுகிறார். அதோடு நிற்கவில்லை. தானும் சிரிக்காமல் அடுத்தவர் சிரிப்பையும் கெடுத்துக்கொண்டு உர்ரென்று இருப்பதும் பாவம்தானா என்று கேட்டு, ஆம் என்கிறார். விளையாட்டு மிஞ்சிப்போவதைவிடச் சிறிய பாவம், ஆனாலும் பாவம்.

அவர் எடுத்துச் சொல்லும் பழங்கதை ஒன்று உண்டு. நற்செய்தியாளர் யோவான் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களில் ஒருவன் கையில் வில் இருந்தது. அம்பு விடச் சொன்னார் யோவான். விட்டான். இன்னொன்று, இன்னொன்று என்று விடச் சொல்லிவிட்டு, இப்படியே ஓயாமல் விட்டுக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்டார். வில் முறிந்துவிடும் என்றான். மனதும் அப்படித்தான் என்றார் அவர். இந்தக் கதையின் இன்னொரு வடிவத்தில் யோவான் கையில் ஒரு கௌதாரியை வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்தக் கௌதாரிதான் பிடித்திருக்கிறது.

ஆகவே பலகையைத் தூக்கிக் குப்பையில் போடும் வேகம் இப்போதைக்கு வேண்டாம். அந்த வேகத்தில் போட்டவர்கள் பெரும்பாலும் மூன்றாம் நாள் புதுப் பலகை வாங்குகிறார்கள். நான் அந்தச் செயலியை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றியது ஆறு முறை.

இரண்டாம் படி: மணி அடித்தால் எழுந்திருக்க முடிகிறதா என்று பாருங்கள்

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அளவு என்பது என்ன? வாரத்துக்கு 20 மணி நேரம் வயலின் பழகும் ஒருவர் நன்றாக இருக்கிறார். தினம் 40 நிமிடம் மட்டும் விளையாடும் இன்னொருவர் அதற்குள் சிக்கிச் சாகிறார். கடிகாரத்தை வைத்து இதை அளக்க முடியாது.

எனக்குத் தெளிவு கொடுத்தது புனித பெனடிக்டின் துறவற ஒழுங்கு. செபவேளைக்கான ஒலி கேட்டதும் கையில் இருக்கும் எதையும் அப்படியே விட்டுவிட்டு விரைந்து வர வேண்டும் என்கிறது அது. செய்துகொண்டிருந்த வேலை பாதியில் நின்றாலும் சரி. நமக்கு மடத்து மணி இல்லை. ஆனால் வீட்டில் நாள் முழுக்க ஏதோ ஒரு மணி அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. குக்கர் விசில், குழந்தையின் அழுகை, அம்மா இருமுவது, "ஏங்க, கொஞ்சம் வாங்களேன்" என்ற குரல், இரவு செபமாலைக்கு வீட்டார் உட்காரும் நேரம். அந்தச் சத்தத்துக்கு எழுந்து வர முடிகிறதா? முடிந்தால் உங்கள் பொழுதுபோக்கு பொழுதுபோக்காகத்தான் இருக்கிறது.

என்னால் முடியவில்லை. மூன்று நிமிட ஆட்டத்தை நடுவில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் தோல்வி. அதனால் "இதோ ஒரு நிமிஷம்" என்பது என் வாயில் நிரந்தரமாகக் குடியேறியது. பூசையில் மறையுரை நடக்கும்போது முந்தின ராத்திரி விட்டுக்கொடுத்த குதிரை கண்முன் வந்து நிற்கும். இது சாதாரணப் பராக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பராக்கு எல்லாருக்கும் வரும். எனக்கு வந்தது பராக்கு இல்லை, ஏக்கம். பூசை முடியாதா என்ற ஏக்கம்.

சில அறிகுறிகளைப் புனிதர்களிடமே பார்க்கலாம். ஒளித்துவைப்பது ஒன்று. அவிலா தெரேசா சின்னப் பெண்ணாக இருந்தபோது வீரதீரக் கதைப் புத்தகங்களில் மூழ்கினார். அம்மாவுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அப்பாவுக்குப் பிடிக்காது என்பதால் அவர் கண்ணில் படாமல் படிப்பார். புதுப் புத்தகம் ஒன்று கையில் இல்லாவிட்டால் தனக்குச் சந்தோஷமே இருக்காது என்று பின்னாளில் அவரே எழுதுகிறார். வாசிப்பு என்பதால் பரவாயில்லை என்று நாம் நினைக்கலாம், அவர் அப்படி நினைக்கவில்லை.

அடுத்தது, ஆடி முடித்தபின் எப்படி இருக்கிறது என்பது. பிரான்சிஸ் சலேசியார் 1609இல் வெளியிட்ட பக்தி நூலில் சதுரங்கத்தையே பெயர் சொல்லி எச்சரிக்கிறார். ஆட்டம் நல்லதுதான், ஆனால் ஐந்தாறு மணி நேரம் ஆடி எழுந்தால் மனம் வறண்டு வெறுமையாகிவிடும் என்கிறார். நானூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் என்னைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. நல்ல ஓய்வு ஆளைத் திருப்பித் தரும். கெட்டது எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது அறிகுறி எதையும் படித்து நான் தெரிந்துகொண்டதில்லை. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் ஆபத்தானது அதுதான். வீட்டில் உங்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்களா? ஒருநாள் என் மனைவி தனியாகவே சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் மாட்டியிருந்தாள். ஏன் கூப்பிடவில்லை என்றதற்கு, "கூப்பிட்டா வரவா போறீங்க" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். மணி அடிப்பதே நின்றுபோன வீட்டில் எழுந்து வருவதைப் பற்றி என்ன பேச?

மூன்றாம் படி: இது பாவமா, நோயா என்று பிரித்துப் பாருங்கள்

திருச்சபையின் மறைக்கல்வி நூல் சிலைவழிபாட்டைப் பற்றிப் பேசும்போது கற்சிலைகளோடு நிறுத்திக்கொள்வதில்லை. படைக்கப்பட்ட எதையும் கடவுளின் இடத்தில் வைத்து மதிப்பது சிலைவழிபாடு என்கிறது (எண் 2113). உடல் நலத்தைப் பற்றிப் பேசுமிடத்தில் உடலழகையும் விளையாட்டு வெற்றியையும் தெய்வமாக்கி எல்லாவற்றையும் அதற்குப் பலியிடுவதைக் கண்டிக்கிறது (2289). ஜிம் நண்பர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

அதற்காக எல்லாமே சாவான பாவம், அதாவது கடவுளோடுள்ள உறவையே முறிக்கும் கனமான பாவம், ஆகிவிடாது. பொழுதுபோக்கில் கொஞ்சம் அதிகமாக ஒட்டிக்கொண்டிருப்பது பொதுவாக அற்பப் பாவத்தின் வகை. கனமான கடமை ஒன்று அதனால் உடையும்போதுதான் கதை மாறுகிறது. ஆட்டத்துக்காகத் தெரிந்தே ஞாயிறு திருப்பலியை விடுவது, பிள்ளையின் கல்விக் கட்டணத்தை எடுத்துச் செலவழிப்பது, படுக்கையில் கிடக்கும் தகப்பனாருக்கு மருந்து கொடுக்காமல் விடுவது எல்லாம் அந்த வகை. அங்கேயும், ஊறிப்போன பழக்கமும் ஒழுங்கற்ற பற்றும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று அதே நூல் சொல்கிறது (1735). அது சாக்கு சொல்வதற்கு இல்லை. தன்னைத்தானே சபித்துக்கொள்ளாமல் இருப்பதற்கு.

பணம் வைத்து ஆடுவது தனி விஷயம். சீட்டையும் பந்தயத்தையும் அவற்றின் இயல்பிலேயே அநீதி என்று திருச்சபை சொல்வதில்லை. ஆனால் தனக்கோ தன்னை நம்பியிருப்பவர்களுக்கோ வேண்டியதைப் பறித்தால் அது தவறு, சூதாட்ட மோகம் அடிமைத்தனமாகிவிடும் ஆபத்து உண்டு என்று எச்சரிக்கிறது (2413). உங்கள் பிரச்சினை இதுவானால், கீழே நான் சொல்லும் 'கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது' உங்களுக்கு ஆகாது. முழுக்க விட வேண்டும், உதவியோடு விட வேண்டும்.

நோய் என்ற பக்கமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11ஆவது பதிப்பில், மின்னணு விளையாட்டு அடிமைத்தனம் இடம்பெற்றிருக்கிறது. கட்டுப்பாடு போய்விடுவது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டு முந்திக்கொள்வது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது, இந்த மூன்றும் வழக்கமாக 12 மாதமாவது நீடித்தால் அது கணக்கு. அப்படியிருந்தால் பாவசங்கீர்த்தனத்தோடு (குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடுவதோடு) மருத்துவரும் வேண்டும். அரசின் இலவச மனநல உதவி எண் 14416. அழைப்பதில் விசுவாசக் குறைவு ஏதும் இல்லை. காய்ச்சலுக்கு மாத்திரை போடும்போது நாம் அப்படி நினைப்பதில்லையே.

இன்னொரு எச்சரிக்கை. எதைச் செய்தாலும் பாவமோ என்று மனம் அரிக்கும் சுபாவம் உள்ளவர்கள் அடுத்த படியைத் தனியாகச் செய்யாதீர்கள். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியாரே ஸ்பெயினின் மன்ரேசாவில் அந்த அரிப்பால் உயிரை விடும் எண்ணம் வரை போனவர். ஒரு குருவானவரின் துணையோடு செய்யுங்கள்.

நான்காம் படி: நோட்டில் கோடு போடுங்கள்

இஞ்ஞாசியாரும் கதைப் புத்தகப் பித்தர்தான். 1521இல் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டில் கால் உடைந்து படுத்திருந்தபோது அவர் கேட்டது வீரதீரக் கதைகளை. வீட்டில் அவை இல்லாததால் கிறிஸ்துவின் வாழ்வையும் புனிதர் வரலாறுகளையும் கொடுத்தார்கள். எதை நினைத்தபின் மனம் வறள்கிறது, எதை நினைத்தபின் நிறைவு தங்குகிறது என்று படுக்கையில் கிடந்தபடி கவனிக்கத் தொடங்கினார். அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் எல்லாம் அந்தக் கவனிப்பிலிருந்து முளைத்தவை.

அதில் 'தனி ஆன்ம சோதனை' என்று ஒன்று உண்டு. நான் பார்த்தவற்றில் இவ்வளவு எளிமையான, இவ்வளவு இரக்கமில்லாத கருவி வேறு இல்லை. ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தது மகளின் பழைய கணக்கு நோட்டு. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடு. முதல் கோடு காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரை, இரண்டாவது அதன்பிறகு இரவு வரை. திருத்த நினைக்கும் குறை ஒன்றே ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். 'நல்ல அப்பாவாக இருப்பேன்' என்று எழுதினால் எதையும் எண்ண முடியாது. நான் எழுதியது: 'கூப்பிட்டபின் எழுந்து வராதது.'

காலையில் எழுந்ததும் இன்றைக்கு அதில் விழமாட்டேன் என்று தீர்மானம். மதியம் சாப்பிட்டபின் மணிவாரியாக யோசித்து, விழுந்த ஒவ்வொரு முறைக்கும் முதல் கோட்டில் ஒரு புள்ளி. இரவு அதேபோல இரண்டாவது கோட்டில். விழுந்த அந்த நொடியிலேயே நெஞ்சில் கைவைத்து வருந்தச் சொல்கிறார் இஞ்ஞாசியார். பக்கத்தில் ஆள் இருந்தாலும் யாருக்கும் தெரியாமல் செய்யலாம் என்றும் சேர்த்துச் சொல்கிறார். அலுவலகத்தில் நான் செய்திருக்கிறேன், சட்டைப் பையில் பேனாவைத் தேடுவதுபோல இருக்கும். அப்புறம் இரண்டாவது கோட்டை முதல் கோட்டோடும், இன்றையதை நேற்றையதோடும், இந்த வாரத்தைப் போன வாரத்தோடும் ஒப்பிடுங்கள். அவ்வளவுதான்.

என் முதல் நாளில் 11 புள்ளி. மூன்றாம் வாரத்தில்தான் புள்ளிகள் பேச ஆரம்பித்தன. சனி, ஞாயிறுகளில் குறைவாகவே இருந்தன. அலுவலகத்தில் வாங்கிக்கட்டிக்கொண்டு வந்த நாட்களில் இரண்டாவது கோடு நிரம்பி வழிந்தது. எனக்குச் சதுரங்கத்தின் மேல் ஆசை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை யாரையாவது ஜெயிக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் பகல் முழுக்கத் தோற்றுக்கொண்டிருந்தேன். இது தெரியாமல் செயலியை அழித்து என்ன பயன்? உங்கள் புள்ளிகள் வேறு எதையாவது சொல்லலாம். தனிமையை, வீட்டில் பேசாமல் வைத்திருக்கும் ஒரு சண்டையை, துக்கத்தை. மூன்று வாரம் பொறுங்கள், நோட்டு சொல்லும்.

ஐந்தாம் படி: ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்

தீய ஆவி கள்ளக்காதலன் மாதிரி நடந்துகொள்ளும், எல்லாம் ரகசியமாக இருக்க வேண்டும் என்று விரும்பும், நல்ல குருவானவரிடம் சொல்லிவிட்டால் அதன் திட்டம் கெட்டுப்போகும் என்று இஞ்ஞாசியார் எழுதுகிறார். அனுபவத்தில் அது சரிதான்.

பாவசங்கீர்த்தனத்தில் "நேரத்தை வீணடித்தேன் சாமி" என்று மேலோட்டமாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். நான் பல மாதம் அப்படித்தான் சொன்னேன். எதை, யாருக்கு வர வேண்டிய நேரத்தை, எத்தனை காலமாக, எந்தப் பொய் சொல்லி என்று சொல்லுங்கள். நான் கடைசியில் அப்படிச் சொன்ன நாளில், தமியானை நினைத்து 450 திருப்பாடலுக்குத் தயாராக முழங்காலில் இருந்தேன். ஃபாதர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த ஆட்டத்தை வீட்டுல யாருக்காவது சொல்லிக்கொடுத்திருக்கீங்களா?" இல்லை என்றேன். பரிகாரம் செபமாலையில் பத்தே பத்து மணிகள். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அந்தக் கேள்விதான் உண்மையான பரிகாரம் என்று புரிய இரண்டு வாரம் ஆனது.

ஆறாம் படி: எதிர்ப்பக்கமாக வளையுங்கள்

ஒரு பக்கம் வளைந்த கம்பை நிமிர்த்த வேண்டுமானால் நேராகப் பிடித்தால் போதாது, எதிர்ப்பக்கம் வளைக்க வேண்டும். ஒழுங்கற்ற பற்று எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு நேர் எதிராக நடப்பது இஞ்ஞாசிய வழி. பத்து மணிக்கு நிறுத்துவேன் என்று முடிவெடுத்து, பத்தாகும்போது கை துறுதுறுத்தால், ஒன்பதே முக்காலுக்கே நிறுத்திவிடுவது. ஜெயித்துக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் குரல் கேட்டால் அந்த ஆட்டத்தையே தோற்றுக்கொடுத்துவிட்டு எழுவது. முதல் தடவை இதைச் செய்தபோது எனக்கு ராணி ஒன்று கூடுதலாக இருந்தது. எழுந்துபோய்ப் பார்த்தால் மனைவி கூப்பிட்டது ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க. உள்ளுக்குள் எரிந்தது. திறந்து கொடுத்தேன்.

நடைமுறையில் நான் செய்த மாற்றங்கள் இவை. நிறுத்த முடியாத ஆட்டத்தை விட்டுவிட்டு, ஒரு நகர்வுக்கு ஒரு நாள் அவகாசம் உள்ள ஆட்டத்துக்கு மாறினேன். அதில் மணி அடித்தால் எழுந்து வரலாம். புள்ளிக்கணக்கு காட்டும் ரேட்டிங்கை மறைத்துவைத்தேன், வெறியின் பாதி அந்த எண்ணில்தான் இருந்தது. கைப்பேசிக்கு இரவில் சமையலறை மேடைதான் இடம். தவக்காலத்தில் 40 நாளும் ஆட்டமே இல்லை. சாம்பல் புதனுக்கு முன்பே வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், சொல்லாத விரதம் நிற்காது.

இவ்வளவு கெடுபிடி தேவையா என்று தோன்றினால் கார்லோ அகுதிஸைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டவர், 15 வயதில் இறந்தவர், கணினி என்றால் உயிர். வீடியோ கேம் ஆட அவர் தனக்கு வைத்துக்கொண்ட அளவு வாரத்துக்கு ஒரு மணி நேரம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் சான் லொரென்சோ கால்பந்து அணியின் தீவிர ரசிகராக இருந்தார். ஆனால் 1990இல் அன்னை மரியாவுக்குக் கொடுத்த வாக்குக்காகத் தொலைக்காட்சி பார்ப்பதையே விட்டவர். அணியின் முடிவுகளை ஒரு சுவிஸ் காவலர் எழுதிக் கொண்டுவந்து வைப்பாராம். அணி மேல் இருந்த பாசத்தை அவர் விடவில்லை. பார்ப்பதைத்தான் விட்டார்.

சிறிய பற்றுதானே என்று விட்டுவைக்காதீர்கள். பறவையை மெல்லிய நூலால் கட்டினாலும் தடித்த கயிற்றால் கட்டினாலும், அறுக்கும்வரை அது பறக்கப்போவதில்லை என்கிறார் சிலுவை யோவான். அவர் காட்டும் உதாரணங்களைப் பார்த்தால் பயமாக இருக்கும். ஓயாத பேச்சு, ஒரு துணி, ஒரு புத்தகம், ஒருவகைச் சாப்பாடு.

ஏழாம் படி: காலியான இடத்தை நிரப்புங்கள்

அசுத்த ஆவி போன வீட்டைக் கூட்டிப் பெருக்கி அழகுபடுத்திக் காலியாக வைத்தால், அது இன்னும் ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரும் என்று ஆண்டவர் சொன்னது நினைவிருக்கும். ராத்திரி பத்திலிருந்து ஒன்று வரை எனக்குத் திடீரென்று மூன்று மணி நேரம் கிடைத்தது. முதல் வாரம் அதைச் சதுரங்கக் காணொளி பார்த்துக் கழித்தேன். ஆடவில்லை அல்லவா, என்று எனக்கே வாதாடிக்கொண்டேன், ஃபிளாரன்ஸ் ஆயர் மாதிரி.

அப்புறம்தான் ஃபாதர் கேட்ட கேள்விக்குத் திரும்பினேன். மரப்பலகை ஒன்று வாங்கி மகளுக்கு ஆடச் சொல்லிக்கொடுத்தேன். பிறகு மறைக்கல்வி வகுப்பு முடிந்து பெற்றோருக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும். பிள்ளைகளோடு ஆடுவதில் ஒரு வசதி, அவர்கள் நடுவில் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள், நாமும் காத்திருக்கப் பழகுவோம். ஸ்பெயின் முறைத் திறப்பாட்டத்துக்கு ரூய் லோபஸ் என்று ஏன் பெயர் தெரியுமா, அவர் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு குருவானவர் என்றதும் அவர்களுக்கு ஒரே ஆச்சரியம்.

புண்ணியக் காரியமும் இதேபோல் ஆளைப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவதில் மன்னர். நவம்பரிலேயே தெர்மாகோல் மலையும் மோட்டார் அருவியும் ஆரம்பமாகிவிடும். டிசம்பர் 24 நள்ளிரவுத் திருப்பலியின்போது அவர் வீட்டில் விளக்கு இணைப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை இயேசுவுக்குத் தொழுவம் கட்டுவதற்காகக் குழந்தை இயேசுவையே பார்க்கப் போகவில்லை. புனித ஜெரோமுக்கு 4ஆம் நூற்றாண்டில் வந்த கனவும் கிட்டத்தட்ட இதுதான். நோன்பிருந்துவிட்டு, கிறிஸ்துவுக்கு முந்தைய ரோமப் பேச்சாளர் சிசரோவின் நூலைப் படிக்க உட்காருவார். காய்ச்சலில் கிடந்தபோது, நீதி இருக்கையின் முன் நிற்பதாகக் கனவு. கிறிஸ்தவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டதற்குக் கிடைத்த பதில்: பொய், நீ சிசரோவின் ஆள், கிறிஸ்துவின் ஆள் இல்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு

உங்கள் கணவருக்கோ பிள்ளைக்கோ இந்தப் பித்து என்றால், ஆடிக்கொண்டிருக்கும்போது கைப்பேசியைப் பிடுங்காதீர்கள், அந்த நேரத்தில் காதில் எதுவும் ஏறாது. கார்த்தேஜில் புனித அகுஸ்தீனாரின் மாணவர் அலிப்பியுஸுக்கு ரதப் பந்தயப் பைத்தியம். அகுஸ்தீனார் தனியாக அழைத்துக் கண்டிக்கவில்லை. ஒருநாள் பாடம் நடத்தும்போது, இவரை நினைக்காமலேயே, பந்தயப் பித்தர்களைக் கிண்டலடித்து ஓர் உதாரணம் சொன்னார். அது தனக்காகவே சொல்லப்பட்டதாக அலிப்பியுஸ் எடுத்துக்கொண்டு அன்றோடு விட்டார். என் வீட்டில் சிலிண்டர் அந்த வேலையைச் செய்தது. ஆனால் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வராவிட்டாலும் கூப்பிடுங்கள். நீங்கள்தான் அந்த மணி.

திரும்ப விழுந்தால்

விழுவீர்கள். அதே அலிப்பியுஸ் பிறகு ரோமுக்குப் போனார். நண்பர்கள் வாள்வீரர்களின் கொலைக்களத்துக்கு இழுத்துப் போனார்கள். என் உடம்பைத்தான் இழுத்துப் போக முடியும், மனதை முடியாது என்று சொல்லிக் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். காதை மூட மறந்துவிட்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது. என்னதான் நடக்கிறது என்று ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்தார், முடிந்தது. அடுத்த முறை மற்றவர்களை அவரே இழுத்துப் போகும் அளவுக்கு ஆனார். அந்த மனிதர்தான் பின்னாளில் தகாஸ்தே நகரத்து ஆயர்.

தன் மனவலிமையை நம்பிப் போனதுதான் அவர் தவறு என்று அகுஸ்தீனார் சொல்கிறார். ஆகவே பழைய ஆட்டக் கூட்டம் கூடும் இடத்துக்குச் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போகாதீர்கள். விழுந்துவிட்டால் அன்று இரவே கோட்டில் புள்ளியை வையுங்கள், நோட்டை மூடுங்கள், தூங்குங்கள். இரவு ஒரு மணிக்கு எடுக்கும் எந்தத் தீர்மானமும் உருப்படாது. போன மாதம் எனக்கு ஒரே நாளில் 7 புள்ளி. மறுநாள் 2.

மரப்பலகை இப்போது கூடத்து அலமாரி மேல் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை மகளோடு ஆடிக்கொண்டிருந்தபோது அன்பியக் கூட்டத்துக்கு (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் செபக் கூட்டத்துக்கு) ஆட்கள் வந்துவிட்டார்கள். காய்களைக் கலைக்காமல் அப்படியே தூக்கி வைத்தோம். எனக்கு ஒரு யானை குறைவு, என் முறை. அவளுக்குப் பரீட்சை முடியட்டும்.